கம்ப்ரசர் அழுத்தம் தருவதில்லை

போர்வெல் வண்டியின் கம்ப்ரசர் மேல் 1100/300 என்பது போல இரண்டு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். முதல் எண், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை அது உள்ளிழுத்து அனுப்புகிறது என்பது. இரண்டாவது, அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தம் வரை கொண்டுபோகலாம் என்பது: சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு, அதாவது 300 பிஎஸ்ஐ. நம்மைச் சுற்றியுள்ள வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐதான். திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகும் ரிக் வண்டிகளின் பலத்தை இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சொல்வார்கள்.

இதில் முதல் எண்ணை மட்டும்தான் கம்ப்ரசர் தருகிறது. இரண்டாவதைத் தருவது வேறொன்று. இது பிடிபடாதவரை, “பிரஷர் ஏறலைங்கண்ணா” என்று டிரில்லர் கத்தும்போது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு கம்ப்ரசரைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை டியூபில் மாட்டாமல் சும்மா அடித்துப் பாருங்கள். கை நோகாது, புஸ் புஸ்ஸென்று காற்று போகும், அவ்வளவுதான். வாயை விரலால் பாதி அடைத்தால் கைப்பிடி கனக்கும். முழுதாக அடைத்தால் கையே இறங்காது. மூன்று முறையும் பம்ப் ஒன்றேதான், உள்ளே இழுத்த காற்றும் அதே அளவுதான். மாறியது வெளியேறும் வழி. அழுத்தம் என்பது போக நினைக்கும் காற்றுக்கும் விட மறுக்கும் வழிக்கும் இடையில் பிறப்பது. கம்ப்ரசரின் வேலை காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பது. கேஜின் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் காற்று போய்ச்சேரும் இடம்தான் தீர்மானிக்கிறது. 300 என்பது, அதற்கு மேல் போகாதபடி இயந்திரத்துக்குப் போட்ட வரம்பு மட்டுமே.

ஆகவே முள் இறங்கினால் கேட்க வேண்டியது, வரும் காற்று குறைந்ததா அல்லது போகும் வழி பெரிதானதா என்பதுதான். அதற்கும் முன்னால், முள் பொய் சொல்கிறதா என்று பார்த்துவிடலாம். கேஜுக்குள் இருப்பது 1849ல் பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அதே சமாச்சாரம்: தட்டையாக்கி வளைத்த ஒரு சின்ன உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அந்த அசைவைப் பல்சக்கரம் முள்ளுக்குக் கடத்தும். நாள் முழுக்க அதிரும் வண்டியில் அந்தக் குழாயும் பல்சக்கரமும் தேய்வதில் ஆச்சரியமில்லை. கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயில் எண்ணெய்க் கசடு அடைத்தாலும் முள் தப்பாகவே காட்டும். சரியான கேஜ் ஒன்றை மாட்டிப் பார்ப்பது, கம்ப்ரசரைப் பிரிப்பதைவிட மலிவு.

இப்போது உள்ளே போவோம். பெரிய ரிக் கம்ப்ரசர்கள் இன்று பெரும்பாலும் ஸ்க்ரூ வகை. ஒன்றையொன்று தழுவியபடி சுழலும் இரண்டு முறுக்கிய உருளைகள். ஒன்றில் நாலைந்து மேடுகள், மற்றதில் அவை வந்து பொருந்தும் பள்ளங்கள். சுழலச் சுழல, ஒரு முனையில் சிக்கிய காற்று மறுமுனையை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். 1930களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோம். உருளைகளுக்கு நடுவே விடுகிற இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்தச் சந்தில் காற்று பின்னோக்கி நழுவாதபடி அடைப்பது எண்ணெய். காற்றை அழுத்தும் அறைக்குள்ளேயே எண்ணெயைப் பாய்ச்சுகிறார்கள்; பிறகு அதைப் பிரித்து எடுத்துத் திரும்ப அனுப்புகிறார்கள்.

எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றை, சூடு வெளியே போக விடாமல் ஒரே மூச்சில் 300 பிஎஸ்ஐக்கு அழுத்தினால் அது 450 டிகிரியைத் தொடும். எண்ணெய்தான் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய்த் தணிகிறது. யோசித்தால் விசித்திரமாக இருக்கும்: நூற்றுக்கணக்கான குதிரைத்திறனுள்ள எஞ்சின் டீசலைக் குடித்துச் செய்யும் வேலையில் ஏறக்குறைய எல்லாமே ரேடியேட்டர் விசிறி வழியாகச் சூடான காற்றாகப் போய்விடுகிறது. பழைய வெப்பத்துக்கே ஆறிவிட்ட அழுத்தக் காற்றில் உள்ள ஆற்றல், வெளிக்காற்றில் இருந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. கூடுவது விரிந்து வேலை செய்யும் திறன்.

இந்த எண்ணெயைச் சுற்றவைக்கப் பல கம்ப்ரசர்களில் தனியாகப் பம்ப் கிடையாது. உருளைகளை விட்டு வரும் காற்றும் எண்ணெயும் போய்ச்சேரும் தொட்டியிலுள்ள காற்றழுத்தமே எண்ணெயை உருளைகளிடம் தள்ளுகிறது. அதனால்தான் தொட்டியின் வாயில் ஒரு வால்வு வைத்து, குறிப்பிட்ட அழுத்தம் உள்ளே சேரும்வரை வெளியே காற்றை விடாமல் பிடித்துவைக்கிறார்கள். இந்த வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் அழுத்தம் குறைவதோடு நிற்காது. எண்ணெய் குறையும், சூடு ஏறும், உருளைகள் வெந்துபோகும். அழுத்தம் குறைந்த கம்ப்ரசரைச் “சமாளிச்சுக்கலாம்” என்று ஓட்டுவது இதனால்தான் ஆபத்து.

சரி, குற்றம் வரவிலா, செலவிலா? இதைச் சொல்லிவிடும் எளிய சோதனை ஒன்று உண்டு: வெளியே காற்று போகும் வால்வை மெல்ல மூடிப் பார்ப்பது. மூடியதும் முள் மளமளவென்று 300க்கு ஏறினால் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஹோஸுக்கு அந்தப் பக்கம் என்று பலர் முடிவுகட்டுவார்கள். பாதி சரி. தேய்ந்த கம்ப்ரசரும், பில்டர் அடைத்த கம்ப்ரசரும்கூட மூடிய தொட்டியை என்றாவது நிரப்பித்தானே ஆக வேண்டும்? ஏறுகிறதா என்பதைவிட எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதே இதில் சேதி. 1100 கன அடி என்பது நிமிடத்துக்கு 31 கன மீட்டர். 200 லிட்டர் தொட்டியாக இருந்தால் அது நிரம்ப எட்டு விநாடி போதும். கண் மதிப்பில் எட்டு விநாடியும் பதினாறு விநாடியும் ஒன்று போலத்தான் தெரியும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. வண்டி புதிதாக இருந்தபோது, முள் 100லிருந்து 200க்குப் போக எத்தனை விநாடி ஆனது என்று குறித்து வைத்திருப்பவருக்குப் பாதி மெக்கானிக் செலவு மிச்சம்.

மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரசரில் இல்லாத ஒரு சிக்கல் டீசல் எஞ்சினில் ஓடுவதில் உண்டு. மோட்டார் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும். எஞ்சினோ தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதற்குச் சொல்வது யார்? பழைய வகை வண்டிகளில், காற்றேதான். தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ரெகுலேட்டருக்குப் போகிறது. அதற்குள் ஸ்பிரிங்கும் ரப்பர் டயாபிரமும் எதிரெதிராக நிற்கும். அழுத்தம் வரம்பைத் தொட்டதும் டயாபிரம் ஸ்பிரிங்கை வென்று விலகி, கொஞ்சம் காற்றை இன்னொரு குழாய்க்குள் விடும். அந்தக் காற்று இரண்டு காரியம் செய்கிறது: கம்ப்ரசரின் மூக்கை, அதாவது காற்று உள்ளே வரும் வால்வை, மூடுகிறது; எஞ்சினின் ஆக்சிலரேட்டரைப் பின்னுக்கு இழுக்கிறது. அழுத்தம் இறங்கினால் அந்தச் சைகைக் காற்று ஒரு பொடித் துளை வழியே கசிந்து தீரும். மூக்கு திறக்கும், எஞ்சின் உறுமும். கம்பியும் கம்ப்யூட்டரும் இல்லாமல் ஒரு இயந்திரம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு ஸ்க்ரூவைவிட அழகாகத் தோன்றும். புதிய வண்டிகளில் இதே பேச்சை சென்சாரும் மின்னணுப் பெட்டியும் பேசிக்கொள்கின்றன.

இந்தப் பேச்சு குழம்பினால் வருகிற கோளாறுதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. டயாபிரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும். அழுத்தம் 150தான் இருக்கிறது, ஆனால் கீறல் வழியே சைகைக் காற்று எப்போதும் போய்க்கொண்டிருக்கிறது. போதும் போதும் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பதால் எஞ்சினும் அமைதியாக ஓடும், மூக்கும் பாதி மூடியே இருக்கும். கறுப்புப் புகை இல்லை, சூடு இல்லை, தட்டும் சத்தம் இல்லை. எல்லாம் நலமாகத் தெரியும். காற்று மட்டும் வராது. பொடித் துளையில் தூசியோ துருவோ அடைத்தாலும் இதே கதைதான்: ஒருமுறை போன சைகை திரும்ப வழியில்லாமல் குழாயிலேயே தங்கிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். முள் வரம்புக்குக் கீழே இருக்கும்போது இந்தச் சைகைக் குழாயில் காற்றே இருக்கக் கூடாது. இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால் சீறுகிறது என்றால் ஆள் சிக்கிவிட்டார். பிறகு, எஞ்சினை நிறுத்தி, தொட்டியின் அழுத்தம் முழுக்க இறங்கிய பின் டயாபிரத்தைக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்து இரண்டு கட்டைவிரலால் மெல்ல வளைக்க வேண்டும். சும்மா பார்க்கும்போது முழுசாகத் தெரியும் ரப்பரில், ஓரத்தில் போல்ட் அழுத்திய தடத்தை ஒட்டி ஒரு மயிரிழைக் கோடு வாய் பிளந்து வெளிச்சத்தைக் காட்டும். இந்த ஒரு ரப்பர் துண்டுக்காகத்தான் ஏர் எண்டையே, அதாவது உருளைகள் இருக்கும் பகுதியையே, மாற்றச் சொல்லும் யோசனைகள் வருகின்றன.

எஞ்சினே சோர்ந்திருக்கும் நிலை வேறு. டீசல் பில்டர் அடைத்தது, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சுமை ஏறியதும் வேகம் இறங்குவதே இதன் அடையாளம். தகட்டில் 1800 சுற்று என்று போட்டிருந்தால் சுமையோடு ஓடும்போதும் அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைப்போம். கணக்கு அப்படி வராது. ஒரு பேச்சுக்கு, முழு வேகத்தில் 100 பங்கு காற்று சிக்குகிறது, அதில் 10 பங்கு அந்த மெல்லிய சந்து வழியே பின்னுக்கு நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 90. வேகம் குறைந்தால் சிக்குவது 80 ஆகும், ஆனால் நழுவுவது ஏறக்குறைய அதே 10தான், ஏனென்றால் நழுவலை நடத்துவது வேகமல்ல, அழுத்தம். கைக்கு வருவது 70. இழப்பு ஐந்தில் ஒன்றைத் தாண்டிவிட்டது. தேய்ந்த உருளைகள் முழு வேகத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதும், மெல்ல ஓட்டும்போது மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஏர் பில்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரிக் வேலையில் பறக்கும் பாறை மாவு மிக நைசாக இருக்கும். தட்டித் தட்டிப் போடுவதற்கு ஒரு எல்லை உண்டு. ஆனால் பில்டர் புதிதாக இருந்தும் காற்று குறையும் இடங்கள் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; அங்கே வெளிக்காற்றே பத்து சதவீதம் மெலிந்தது. கம்ப்ரசர் அதே கன அடியைத்தான் இழுக்கும், அதற்குள் இருக்கும் காற்றுதான் குறைவு. லடாக்கின் லே போன்ற 3500 மீட்டர் இடத்தில் கடல்மட்டத்துக் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், எஞ்சினுக்கும் அதே பஞ்சம். வெயிலும் பங்கு கேட்கும்: 30 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினால் மூன்று சதவீதம் போயிற்று. இதெல்லாம் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாத கோளாறு.

தொட்டியின் முள் நன்றாக இருந்து, ஹோஸில் மட்டும் காற்று பலமில்லை என்றால் செப்பரேட்டரைப் பார்க்க வேண்டும். காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் அந்த உருளை அடைத்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் அழுத்தம் வேறுபடும். வித்தியாசம் ஒரு பார், அதாவது 14, 15 பிஎஸ்ஐயை நெருங்கினால் மாற்ற வேண்டும். மாற்றும்போது கவனிக்க வேண்டிய பொடி விஷயம் ஒன்று: அசல் கேஸ்கெட்டில் காகிதம் தைக்கும் பின் போன்ற ஒரு ஸ்டேப்ளர் கம்பி குத்தியிருக்கும். யாரோ தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. வறண்ட காற்றும் எண்ணெய்த் துளிகளும் இழைகளை உரசிப் போகும்போது செப்பரேட்டரில் நிலைமின்சாரம் சேரும். அதைத் தொட்டியின் உடலுக்குக் கடத்துவது அந்தக் கம்பிதான். அது இல்லாமல் கடையில் வெட்டிய கேஸ்கெட்டைப் போட்டால், சூடான எண்ணெயும் அழுத்தக் காற்றும் நிறைந்த தொட்டிக்குள் ஒரு பொறிக்கு இடம் கொடுத்தாயிற்று.

இனி செலவுப் பக்கம். அழுத்தக் காற்று ஒரு துளை வழியே வெளியேறும்போது, உள்ளே உள்ள அழுத்தம் வெளியே உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டிவிட்டால், துளையில் அதன் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடாது, காற்றின் அடர்த்திதான் கூடும். அழுத்தத்தின் விகிதத்திலேயே ஒழுக்கும் கூடும். 100 பிஎஸ்ஐயில் நன்றாக வாய் திறந்த கால் அங்குலத் துளை ஒன்று நிமிடத்துக்கு நூறு கன அடிக் காற்றை விழுங்கும். 300 பிஎஸ்ஐயில் கிட்டத்தட்ட 280. 1100 கன அடி வண்டியில் நாலில் ஒரு பங்கு, ஒரு சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டையில்! வெளியே தெரியும் ஒழுக்கு சீட்டியடித்துக் காட்டிக்கொடுக்கும், சின்னதைச் சோப்புத் தண்ணீர் நுரைத்துச் சொல்லும். தரைக்கு அடியில், துளைக்குள் இறங்கும் ராடுகள் சேரும் இடத்தில் ஒழுகினால் நுரையும் இல்லை, சீட்டியும் இல்லை.

ராடுகளின் கடைசியில்தான் ஹேமர் இருக்கிறது. 1857ல் தொடங்கி 1871ல் முடிந்த ஆல்ப்ஸ் மலையின் மோன் செனி சுரங்கத்தில் பொறியாளர் ஜெர்மேன் சொமெயே காற்றால் ஓடும் துளைக்கருவிகளைக் கொண்டுவந்ததிலிருந்து, பாறையும் அழுத்தக் காற்றும் பிரிந்ததே இல்லை. (பாவம், சுரங்கம் திறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது அவர் இறந்துபோனார்.) இன்றைய போர்வெல்லில் சுத்தியலே துளைக்குள் இறங்கி, பாறையைத் தொடும் பிட்டின் முதுகிலேயே அடிக்கிறது. அடித்து முடித்த காற்று பிட்டின் துளைகள் வழியே வெளிவந்து, பாறை மாவை ராடுக்கு வெளியே உள்ள இடுக்கு வழியாக மேலே தூக்கிவருகிறது. கம்ப்ரசரின் கண்ணுக்கு இந்த ஹேமரும் ஒரு துளைதான். பிஸ்டனும் அது ஓடும் குழலும் தேயத் தேய அந்தத் துளை பெரிதாகிறது. திறப்பு கால் பங்கு பெரிதானால், வரும் காற்று அதேதான் என்பதால், 300ல் நின்ற முள் ஏறத்தாழ 237ல் நிற்கும். அடியின் பலம் அழுத்தத்தோடு குறைகிறது, நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் துளைக்கும் வேகத்தில் முப்பது சதவீதம் காணாமல் போயிருக்கும். அடிக்கணக்கில் கூலி வாங்கும் தொழிலில் டீசலோ மணிக்கணக்கில் எரிகிறது. புது ஹேமர் விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தரையும் முள்ளோடு பேசும். துளையில் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு அடிக்கும் 0.433 பிஎஸ்ஐ. பிட்டுக்கு மேல் 500 அடித் தண்ணீர் நின்றால், முதல் காற்றுக் குமிழி வெளிவரவே 217 பிஎஸ்ஐ வேண்டும். ஊற்று அடித்ததும் முள் ஏறுவதைப் பார்த்தே, தண்ணீர் மேலே வருவதற்கு முன் டிரில்லர் சிரித்துவிடுவார். நேர்மாறாகவும் நடக்கும். பாறையில் பெரிய வெடிப்பு குறுக்கிட்டால் காற்று மேலே வருவதற்குப் பதில் பக்கவாட்டில் போய்விடும். முள் சற்று இறங்கும், பாறை மாவு வருவது நிற்கும். சில நேரம் பக்கத்துத் தோட்டத்துப் பழைய போரிலிருந்து காற்றும் தண்ணீரும் பீறிட்டு அடிக்கும். கம்ப்ரசரில் ஒரு கோளாறும் இருக்காது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சண்டைக்கு மட்டும் ஆள் வந்துகொண்டிருப்பார்.

இத்தனைக்கும் நடுவே, முள் இறங்கியதும் பலருடைய கை முதலில் போவது ரெகுலேட்டரின் திருகுக்குத்தான். அதை இறுக்கினால் அழுத்தம் கூடும் என்பது நம்பிக்கை. முள் 180ல் நிற்கிறது. ரெகுலேட்டர் விழிப்பதே 300ல். தூங்குகிறவரைத் தட்டி என்ன பயன்? இறுக்கினாலும் ஒன்றும் நடக்காது. நடக்காததால் இன்னும் இரண்டு சுற்று இறுக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த ராடு மாட்டுவதற்காகக் காற்றை மூடுவார்கள். அப்போதுதான் முள் கடகடவென்று ஏறும், இருந்த வரம்பும் இப்போது இல்லை, 300ஐத் தாண்டி ஓடும், கடைசிக் காவலான சேஃப்டி வால்வு திறந்துகொண்டு ஊரே கேட்கக் கத்தும். சேஃப்டி வால்வு போய்விட்டது, அதை மாற்று என்பார்கள்.